மகள் கணக்கில் 60-க்கு 23: ஐந்து வருடம் பள்ளியில் சொன்னது பொய்யா?

கேள்வி: நான் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறேன். மகள் இந்த வருஷம் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். ஐந்தாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான். மூன்றாவது படிக்கும்போது “உங்க பொண்ணு மலர் நிலைக்கு வந்துட்டா” என்று டீச்சர் சொன்னார்கள். ரேங்க் கார்டிலும் எப்போதும் நல்ல கிரேடுதான். இப்போது காலாண்டுத் தேர்வில் கணக்கில் 60-க்கு 23. பேப்பரை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். கேட்டால் “எனக்குக் கணக்கு வராதும்மா” என்று அழுகிறாள். ‘திறன்’ என்று ஒரு வகுப்பில் வேறு உட்கார வைத்திருக்கிறார்கள், மற்ற பிள்ளைகள் அதை மக்கு கிளாஸ் என்கிறார்களாம். கொழுந்தனார் பையன் மெட்ரிக் பள்ளியில் ஆறாவது. அவன் 92. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழித்தல்கூடத் தெரியவில்லை என்று டிவியில் சர்வே சொல்கிறான். வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி எறிந்துவிட்டார். இந்த வருஷம் பெயில் போட்டு மறுபடி ஆறாவதே படிக்க வைக்கச் சொல்லிக் கேட்கலாமா? இல்லை, கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்றலாமா? அஞ்சு வருஷமாக எங்களிடம் பொய்தான் சொன்னார்களா? விடைத்தாளையும் இந்தப் பருவத்து ரேங்க் கார்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆகஸ்டில் டைபாய்டு வந்து ரெண்டு வாரம் படுத்திருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, அதுதான் நீங்கள் செய்த பெரிய காரியம். 23 என்ற எண்ணை மட்டும் எழுதியிருந்தால் என்னால் உங்களுக்கு ஆறுதல்தான் சொல்லியிருக்க முடியும். நான் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன், அப்புறம் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அந்தப் பழக்கத்தில் உங்கள் மகளின் ஆறு பக்கத்தையும் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். மார்க் சொல்லாத பல விஷயங்கள் அதில் இருக்கின்றன.

மூன்றாவது பக்கத்தில் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கு இருக்கிறது, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் மொத்தம் 402 பேர், அதில் 178 பேர் மாணவிகள், மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் உள்ள விகிதம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் மகள் 402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என்று எழுதி, 376 : 178 என்று விகிதம் போட்டு, இரண்டையும் இரண்டால் வகுத்து 188 : 89 என்று முடித்திருக்கிறாள். சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பூஜ்ஜியம் கொடுத்திருக்கிறார்கள். சரியான மீதி 224. விடை 112 : 89.

இந்தக் கணக்கில் ஆறாம் வகுப்புப் பாடம் எது? விகிதம். மாணவர் எண்ணிக்கை தெரியாது, அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்று புரிந்திருக்கிறது. யார் முதலில் வர வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. சுருக்கவும் தெரிந்திருக்கிறது. 376-இல் பாதி 188, 178-இல் பாதி 89, இரண்டும் சரி. ஆறாம் வகுப்புப் பாடத்தை அவள் முழுதாகப் பிடித்திருக்கிறாள். தப்பு கழித்தலில், அதாவது இரண்டாம் வகுப்புப் பாடத்தில்.

அந்தக் கழித்தலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றுகள் இடத்தில் மேலே 2, கீழே 8. இரண்டிலிருந்து எட்டு போகாது என்பதால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து 6 போட்டிருக்கிறாள். பத்துகள் இடத்தில் மேலே 0, கீழே 7. அங்கே 7 போட்டிருக்கிறாள். நான்கிலிருந்து ஒன்று போனால் 3. ஆக 376. இதே பேப்பரில் முதல் பக்கத்தில் 71-இலிருந்து 38 போனால் 47 என்றும், 5,003-இலிருந்து 2,487 போனால் 3,484 என்றும் எழுதியிருக்கிறாள். மூன்றும் ஒரே மாதிரியான தப்பு. எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடுகிறாள். 586-இலிருந்து 243 போனால் 343 என்று ஓரத்தில் போட்டது சரியாக வந்திருக்கிறது, ஏனென்றால் அங்கே கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

கவனக்குறைவால் தப்பு செய்கிற பிள்ளை ஓர் இடத்தில் செய்த தப்பை இன்னோர் இடத்தில் செய்யாது. இவள் ஐந்து கணக்கிலும் ஒரே தப்பை ஒரே விதமாகச் செய்திருக்கிறாள். தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றுகிற பிள்ளை இது. விதிதான் தப்பு. கணக்கு வாத்தியார்களுக்கு இது ரொம்பப் பழக்கமான தப்பு. திருத்தக் கூடியதும்கூட.

இனி அந்த 23-ஐ மறுபடி பார்ப்போம். 60-இல் 37 போயிருக்கிறது. அதில் 14 மதிப்பெண் இந்தக் கழித்தல் வந்து விழுந்த ஐந்து கணக்குகளில் போனது. 11 மதிப்பெண் கடைசிப் பக்கத்து வடிவியல், அதில் ஒரு கோடுகூடப் போடாமல் வெள்ளையாக விட்டிருக்கிறாள். 7 மதிப்பெண் நீளமாக எழுதிக் கேட்கும் கணக்குகளில், கேள்வியை அப்படியே எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மிச்சம் 5 அங்குமிங்கும் சில்லறைத் தப்புகள். நான்கு பங்கும் நான்கு வெவ்வேறு காரணத்தால் போனவை. எல்லாவற்றையும் சேர்த்து “கணக்கு வராது” என்று அவள் ஒரு பெயர் வைத்துக்கொண்டாள், நாமும் அதை நம்பிவிட்டோம்.

கடிதத்தைப் படித்துக்கொண்டே நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்த விஷயம் ஒன்று உண்டு. இந்த 2025-26-இல் ஆறாவது என்றால் அவள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தது 2020-21-இல். அந்த வருடம் முழுக்க ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடமே திறக்கவில்லை. இரண்டாம் வகுப்பிலும் பாதி வருடம் அப்படித்தான். ஒன்று முதல் எட்டு வரைக்கும் தமிழ்நாட்டில் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி, ஜனவரியில் மறுபடி மூடினார்கள், பிப்ரவரியில்தான் திறந்தார்கள். கடன் வாங்கிக் கழிப்பதைப் பிள்ளைகள் கையில் குச்சி வைத்துக் கட்டிக் கட்டிப் பழகுகிற காலம் அதுதான். உங்கள் மகள் பள்ளிக்கூட வாசலைப் பார்க்காமல் இழந்த மாதங்களும் இந்தக் கழித்தலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பள்ளம் இருக்கிறது, இதில் அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

சரி, அப்படியென்றால் ‘மலர்’ என்றார்களே, அது என்ன?

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியதே கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்கத்தான். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும். அதில் பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக் குழு பிரித்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று பெயர். ஏறக்குறைய ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புக்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதுதான் இந்த மூன்று நிலைகளும். மலர் என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது அப்போது தெரிந்திருந்தது என்று அர்த்தம். ஆறாம் வகுப்பில் எப்படி இருப்பாள் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று, தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் நிலையைத் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். டீச்சர் சொன்ன மலர் எந்தப் பாடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் கையெழுத்தையும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருப்பதையும் பார்த்தால், தமிழில் மலர் என்று சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிந்தால் அந்த டீச்சரையே பார்த்துக் கேளுங்கள், ஊரில்தானே இருக்கிறார்.

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி வேலையில் நான் போன பள்ளிகளில், ஒரே டீச்சர் இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்துக்கொண்டு, நெட் கிடைக்காத இடத்தில் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செல்போன் செயலியில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தேதி முடியப்போகிறது என்றால் அவசரம் வரும். அவசரத்தில் தாராளமாகக் கொடுத்துவிடுவதும் நடந்திருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம், அதை நான் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் உங்கள் மகளின் டீச்சர் பொய் சொன்னார் என்று இந்தப் பேப்பரை வைத்து நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் வகுப்பில் சின்ன எண்களைக் குச்சி வைத்துச் சரியாகக் கழித்த பிள்ளை, குச்சி இல்லாமல் தாளில் பெரிய எண் வரும்போது தடுமாறுவது சகஜம்.

ரேங்க் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் கணக்கு வரிசையில் மூன்று எண்கள் இருக்கின்றன: 34, 23, 57. நீங்கள் நடுவில் உள்ளதை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். 34 என்பது 40-க்கு. அதை வளரறி மதிப்பீடு என்பார்கள், பிள்ளைகள் வாயில் எஃப்.ஏ. பாடம் நடக்கும்போதே செய்யும் செயல்பாடுகளுக்கு 20, சின்னச் சின்னத் தேர்வுகளுக்கு 20. இரண்டிலும் நன்றாகச் செய்தவற்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 23 என்பது பருவக் கடைசியில் எல்லாப் பாடத்தையும் சேர்த்து எழுதும் 60 மதிப்பெண் தேர்வு, அது தொகுத்தறி மதிப்பீடு. இரண்டும் சேர்ந்து 100-க்கு 57.

57 என்ற கூட்டுத்தொகையைவிட, 34-க்கும் 23-க்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 40-க்கு 34 என்றால் நூற்றுக்கு 85. 60-க்கு 23 என்றால் நூற்றுக்கு 38. ஒரே பிள்ளை, ஒரே பாடம், ஒரே பருவம். இவ்வளவு தூரம் இருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பாடம் நடத்திய சூட்டோடு கேட்டால் செய்கிறாள், இரண்டு மாதம் கழித்து எல்லாம் கலந்து வந்தால் அடித்தளம் ஆடுகிறது. அல்லது செயல்பாட்டைக் குழுவாகச் செய்யும்போது பக்கத்துப் பிள்ளை போட்டதில் இவளும் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எது என்று கணக்கு டீச்சருக்குத்தான் தெரியும். அவரைப் பார்க்கப் போகும்போது இந்த இரண்டு எண்ணையும் காட்டி, “தனியாகச் செய்ததில் எவ்வளவு, சேர்ந்து செய்ததில் எவ்வளவு?” என்று கேளுங்கள். “எம்பொண்ணு எப்படிப் படிக்கிறா டீச்சர்?” என்று கேட்டால் “பரவாயில்லம்மா, இன்னும் கொஞ்சம் கவனிக்கணும்” என்ற பதில்தான் வரும். நானும் நூறு அம்மாக்களுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். இந்தப் பேப்பரைக் கையில் கொண்டுபோய், 71-இல் 38 போன இடத்தில் விரலை வைத்து, “இங்கேதான் தடுக்குகிறாள், இதை எப்படிச் சரி செய்யலாம்?” என்று கேட்டால் டீச்சர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.

அந்தப் பூஜ்ஜியத்துக்காகச் சண்டை போட வேண்டாம். விகிதம் சரியாகப் போட்டதற்கு நான் இரண்டு மதிப்பெண்ணாவது கொடுத்திருப்பேன். ஆனால் இருநூறு பேப்பரை நாலு நாளில் திருத்தும்போது கடைசி விடையை மட்டும் பார்த்து நானும் பூஜ்ஜியம் போட்டதுண்டு. மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், வழிமுறை சரி என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது போதும்.

‘திறன்’ வகுப்பை மக்கு கிளாஸ் என்று பிள்ளைகள் சொல்வது எனக்கும் வலிக்கிறது. அது இந்தக் கல்வியாண்டில்தான் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கிறவர்களில் யாருக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு தேர்வு வைத்துப் பார்த்து, அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் மகளின் பேப்பரைப் பார்த்த பிறகு சொல்கிறேன், அவள் உட்கார வேண்டிய இடம் அதுதான். பள்ளிக்கூடத்திலேயே, அதுவும் காசு வாங்காமல், இரண்டாம் வகுப்புக் கழித்தலைச் சொல்லிக் கொடுக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? அதிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள்: “நீ ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிறப்ப கொரோனாவுல பள்ளிக்கூடமே இல்ல. அப்ப விட்டதை இப்பச் சொல்லித் தர்றாங்க.” பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். பெயர் வைத்துக் கூப்பிடுவது நிற்கவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அதை நிறுத்துவது அவர் பொறுப்பு.

பெயில் போடச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். முடியாது, முடிந்தாலும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றுதான் முதலில் சொன்னது. 2019-இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாமா என்பதை அரசுகள் முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். நம் மாநிலத்திலும் அந்த இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். மத்திய அரசு 2024 டிசம்பரில் கொண்டுவந்த விதி கேந்திரிய வித்யாலயா மாதிரி அவர்கள் நடத்தும் பள்ளிகளுக்கு, அதுவும் ஐந்துக்கும் எட்டுக்கும்தான். தமிழ்நாட்டில் எட்டு வரை தேர்ச்சி தொடர்கிறது. சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும், அவளுக்கு ஓட்டை இருப்பது இரண்டாம் வகுப்பில். ஆறாம் வகுப்பை மறுபடி படித்தால் அதே விகிதத்தை மறுபடி சொல்லித் தருவார்கள், அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கழித்தலை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அடுத்த வருடமும் 376 என்றுதான் எழுதுவாள்.

தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கும் இதே பதில்தான். அங்கேயும் ஆறாம் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பாடம்தான் நடக்கும். கொழுந்தனார் மகனின் 92-ஐ உங்கள் மகளின் 23-ஓடு வைத்துப் பார்க்கவே கூடாது. அவனுடையது 100-க்கு, இவளுடையது 60-க்கு. பார்த்தே ஆக வேண்டுமென்றால் 57-ஓடு பாருங்கள். அதிலும் அந்தப் பள்ளி வைத்த கேள்வித்தாள் வேறு, திருத்தியவர் வேறு. இரண்டு பேரும் ஒரே கேள்வித்தாளை எழுதி, யாருடைய பேப்பர் என்று தெரியாத ஆசிரியர் திருத்துவது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில்தான். அதற்கு உங்கள் மகளுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அவன் நன்றாகப் படிக்கிற பிள்ளையாகவே இருக்கட்டும், வாழ்த்துங்கள்.

கடன் வாங்கி மாற்றுவதற்கு முன்னால் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும் ஆறிலிருந்துதான் எண்ணுவார்கள். இப்போது ஆறாவதில் மெட்ரிக் பள்ளிக்குப் போனால் இரண்டும் கை நழுவும். கழித்தல் ஒன்றுக்காக அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

டிவியில் சொன்ன சர்வேயைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அது ஏசர் என்ற கல்வி ஆய்வாக இருக்கலாம். அதில் கிராமத்து வீடுகளுக்கே போய், பிள்ளைகளிடம் இரண்டு இலக்கத்தில் கடன் வாங்கும் கழித்தலைக் கொடுத்துப் பார்ப்பார்கள். 2025 பிப்ரவரியில் மாநில அடைவு ஆய்வு என்று மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு ஒரு தேர்வு நடந்தது, உங்கள் மகளும் எழுதியிருக்கக்கூடும். எந்த மாவட்டத்தில், எந்தப் பாடத்தில் ஆசிரியர்களுக்கு உதவி தேவை என்று அரசுக்குச் சொல்வதற்காக நடத்துவது அது. இரண்டுமே தனிப்பட்ட ஒரு பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல வந்தவை இல்லை.

இனி வீட்டில் என்ன செய்வது? ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். டியூஷன் வேண்டாம்.

கடன் வாங்கிக் கழிப்பது என்பது சில்லறை மாற்றுவதுதான். பாடப்புத்தகத்தில் இனமாற்றம் என்று போட்டிருப்பார்கள். காகிதத்தை வெட்டி நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் ஏழு பத்து ரூபாயும் ஓர் ஒரு ரூபாயும் கொடுத்து, 38 ரூபாய்க்குச் சாமான் வாங்கச் சொல்லுங்கள். எட்டு ரூபாய் தர அவளிடம் சில்லறை இருக்காது. என்ன செய்வது என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவளே கேட்கட்டும். ஒரு பத்து ரூபாயைப் பத்து ஒரு ரூபாயாக மாற்றிக் கொடுங்கள். இப்போது அவளிடம் ஆறு பத்தும் பதினொரு ஒன்றும் இருக்கும். எட்டைக் கொடுத்தால் மூன்று, முப்பதைக் கொடுத்தால் மூன்று பத்து. மீதி 33. அவள் பேப்பரில் எழுதிய 47-ஐப் பக்கத்தில் வைத்து, ஏன் வேறாக வருகிறது என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

நாலைந்து நாள் இரண்டு இலக்கத்தில் செய்த பிறகு 534-இல் 268 மாதிரி எண்களுக்குப் போகலாம், மீதி 266 வர வேண்டும். நடுவில் பூஜ்ஜியம் வருகிற 402-ஐ அவசரப்பட்டுக் கொண்டுவந்துவிடாதீர்கள், அதுதான் கஷ்டமானது. அதில் பத்து ரூபாயே கையில் இல்லை, அதனால் முதலில் ஒரு நூறைப் பத்து பத்துகளாக மாற்ற வேண்டும், அப்புறம் அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்ற வேண்டும். காகிதப் பணத்தை மாற்றும்போதே பக்கத்தில் தாளிலும் அடித்து எழுதிக்கொண்டு வரட்டும். பணம் மட்டும் மாற்றித் தாளில் எழுதாவிட்டால், மூன்றாவதில் நடந்த மாதிரியே குச்சியோடு நின்றுவிடும்.

விடையைச் சரிபார்க்கவும் பழக்குங்கள். மீதியையும் கழித்த எண்ணையும் கூட்டினால் மேலே இருக்கிற எண் வர வேண்டும். 376-ஐயும் 178-ஐயும் கூட்டினால் 554. இருந்ததே 402-தானே? இதைப் பரீட்சையில் அவளே பிடித்திருக்க முடியும். நீங்கள் சனிக்கிழமை கூலி வாங்கும்போது பிடித்தம் போக எவ்வளவு வர வேண்டும் என்று மனசிலேயே போட்டுப் பார்ப்பீர்களே, அதை இனி அவளை வைத்துப் போடுங்கள்.

வடிவியல் 11 மதிப்பெண் போனதற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசியிலேயே இருக்கிறது. அந்த டைபாய்டு இரண்டு வாரத்தில் வகுப்பில் என்ன பாடம் நடந்தது என்று அவள் தோழியின் நோட்டை வாங்கிப் பாருங்கள். கோடு, கோணம் எல்லாம் அந்த நாட்களில் நடத்தியிருந்தால், அவளுக்கு வராதது என்று எதுவும் இல்லை, கேட்காததுதான். டீச்சரிடம் சொன்னால் ‘திறன்’ நேரத்திலோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ சொல்லித் தருவார்.

எழுதிக் கேட்கும் கணக்குக்கு ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். கேள்வியை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டி, அதில் என்ன கேட்கிறார்கள் என்று அவள் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் படித்தால் புரிகிறது, தானாகப் படித்தால் புரியவில்லை என்றால் வாசிப்பு வேகம் பற்றவில்லை. அப்போது தினமும் ஒரு பக்கம் கதையோ செய்தித்தாளோ வாசித்தாலே கணக்கிலும் மார்க் ஏறும். நீங்கள் படித்தும் புரியவில்லை என்றால், கூட்டுவதா கழிப்பதா என்று முடிவு செய்வதில்தான் சிக்கல் என்று டீச்சரிடம் சொல்லுங்கள்.

பேப்பரை ஒளித்து வைத்ததற்காக அவளைத் திட்டாதீர்கள். பேப்பரைக் காட்டினால் என்ன நடக்கும் என்று அவள் நினைத்தாளோ, அது நடந்தும்விட்டது. அப்பா எறிந்த பேப்பரை நீங்கள் எடுத்து நீவி வைத்துப் படம் பிடித்திருக்கிறீர்கள், மடிப்புகள் தெரிகின்றன. அவரிடம் இந்தப் பதிலை முழுக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம். ராத்திரி அவர் இருக்கும்போது அந்த 402 கணக்கை மட்டும் காட்டுங்கள். விகிதம் சரி, சுருக்கியது சரி, கழித்தது மட்டும் தப்பு என்று விரல் வைத்துக் காட்டுங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும். காகிதப் பணத்தில் கடைக்காரராக அவரையே உட்கார வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். பேப்பர் கையில் கிடைத்ததும் கழித்தல் வருகிற கணக்குகளையும் வடிவியல் பக்கத்தையும் மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். மொத்த மார்க்கை எழுத வேண்டாம்.